துணைநிற்பவர் இரண்டாம் கலை பயிலலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சங்க மேடைக்குப் புதியது. நம் குடியிருப்புப் பிள்ளைகளுள் சிலர் ஞாயிறு மாலைகளில் மேசையைச் சுற்றி அமர்ந்து, பல முகங்களையுடைய பகடைகளை உருட்டி, ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை ஆடுகின்றனர். மேசை ஆட்டங்களுக்கெனவே நடத்தப்பெறும் உணவகங்களும் இப் பெங்களூரில் உள்ளன. அவ்வாட்டத்தில் எழும் வினா ஒன்றையே இங்கு ஆராய விழைகின்றேன். பிறர்க்குத் துணைநின்று உதவும் மந்திரவல்லார், தம் தொழிலோடு மற்றொரு தொழிலையும் ஏற்கலாமா? ஏற்றால் பெறுவது யாது? இழப்பது யாது? இதற்கு விடை காண முயன்றால், ஆட்டம் ஆடாத பெரியோர்க்கும் அதில் ஒரு பயன் உண்டு என்பது விளங்கும்.

முதற்கண், ஆட்டம் எத்தகையது எனச் சொல்லிவிடுகின்றேன். நால்வரோ ஐவரோ கூடி, ஆளுக்கொரு வேடம் ஏற்கின்றனர். வேறொருவர் கதைநடத்துநராக அமர்கின்றார். “காட்டு வழியில் பாலம் இடிந்து கிடக்கின்றது, என் செய்வீர்?” என அவர் வினவுவார். ஆடுவோர் தத்தம் வேடத்திற்கேற்ப விடை கூறுவர். கருதிய செயல் கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கேட்க, வேடம் புனைந்தவர் விடை பகர்வதை எண்ணிப் பாருங்கள். இங்கோ கதையின் முடிவு ஒருவருக்கும் முன்னரே தெரியாது. அவ்வளவே வேறுபாடு.

இவ்வாட்டத்தை 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்கி வெளியிட்டனர். முதல் நூலில் போர்வீரர், மந்திரவாதி, கிளெரிக் என மூன்று தொழில்களே இருந்தன. கிளெரிக் என்பவர் இறையருளை வேண்டிப் பிறர் காயத்தை ஆற்றுபவர்; அவரை நாம் அருளாளர் என அழைப்போம். பின்னர்ச் சேர்ந்தவர் பார்ட் என்பவர். இசையாலும் சொல்லாலும் தோழர்க்கு ஊக்கம் ஊட்டுபவர் இவர். யாழேந்திய நம் பாணர் குடியை அறிந்த நமக்கு இவர் அயலாராகத் தோன்றமாட்டார். மந்திரம், பேய் என்னும் சொற்களைக் கண்டு 1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் அஞ்சி எதிர்த்ததும் உண்டு. நாளடைவில் அவ்வச்சம் பெரிதும் தணிந்தது. ஐயமுடைய பெற்றோர் விதிகளைத் தாமே படித்துப் பார்க்கலாம். அடிப்படை விதித் தொகுப்பு 2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில், எவரும் விலையின்றிப் பயன்படுத்தும் உரிமையோடு வெளியிடப்பட்டுள்ளது.

நிற்க. அருளாளரும் பாணரும் குழுவில் செய்யும் பணியைக் காண்போம். அருளாளர் ‘பிளெஸ்’ என்னும் வாழ்த்து மந்திரத்தைச் சொன்னால், தோழர் மூவர்க்கு அவர்தம் பகடை எண்ணோடு நான்கு முகப் பகடையின் எண் ஒன்றும் கூடும். குறி தவற இருந்த வீரனின் வாள் குறியில் பாய்கின்றது. பாராட்டு வீரனுக்கே செல்கின்றது. வாழ்த்தியவரை எவரும் நினைப்பதில்லை. வீழ்ந்தவனை ஒரு சொல்லால் எழுப்புகின்றார். எழுந்தவன் பகைவனை வீழ்த்திப் பெயர் பெறுகின்றான். இந்நிலையில், துணைநிற்கும் வேடம் ஏற்ற இளைஞர்க்குச் சலிப்புத் தோன்றுதல் இயல்பே. “யானும் வாள் எடுத்தால் என்ன? யானும் நெருப்பு எறிந்தால் என்ன?” என எண்ணுகின்றார். அதற்கு ஆட்டமும் வழி வைத்துள்ளது. ஒரு தொழிலில் சில படிகள் ஏறியவர், அடுத்த படியை மற்றொரு தொழிலில் எடுத்துக்கொள்ளலாம். இளைஞர் இதனை ‘மல்டிகிளாஸ்’ என்பர்; நாம் இருதொழில் ஏற்றல் எனலாம்.

இதற்கு விதி உண்டு. ஆட்டத்தில் மொத்தம் இருபது படிகள். இரு தொழில்களிலும் எடுத்த படிகளின் கூட்டுத்தொகையே ஒருவரது படி. தொழில் ஒவ்வொன்றிற்கும் உரிய இயல்பு குறைந்தது 13 இருத்தல் வேண்டும். அருளாளர்க்கு மெய்யறிவு, பாணர்க்கு ஈர்ப்பாற்றல், விசர்ட் என்னும் மந்திரவாதிக்கு நூலறிவு ஆகியன உரிய இயல்புகள். வாயில் திறந்தே உள்ளது. உள்ளே நுழைவார் செலுத்தும் விலையைத்தான் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்விலையை ஒரு கணக்கால் விளக்குகின்றேன். அருளாளர் தம் தொழிலின் ஐந்தாம் படியில் ‘ரிவிவிஃபை’ என்னும் மந்திரத்தைப் பெறுகின்றார். இறந்து ஒரு நிமிடத்திற்கு மேற்படாத தோழனை உயிர்ப்பிக்கும் மந்திரம் அது. 300 பொன் பெறும் வைரம் அதற்குச் செலவாகும். இப்பொழுது ஒருவர் அருளாளராக நான்கு படிகளும், மந்திரவாதியாக ஒரு படியும் எடுத்துக்கொண்டார் எனக் கொள்வோம். குழு முழுவதும் ஐந்தாம் படியில் நிற்கின்றது. ஐந்தாம் படிக்கேற்ற பகைவரே எதிர்ப்படுகின்றனர். தோழன் ஒருவன் மாண்டு வீழ்கின்றான். ஒரு நிமிடம் உள்ளது, வைரமும் மடியில் உள்ளது, மந்திரம் இல்லை. அந்த நிமிடம் கழிகின்றது. பல திங்கள் உழைத்து ஒரு பிள்ளை வளர்த்த வேடம் அத்துடன் முடிகின்றது.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. மந்திரம் சொல்லும் ஆற்றலை ஆட்டம் படிவாரியாக அளந்து கொடுக்கின்றது. அருளாளர், மந்திரவாதி ஆகிய இருவர் படிகளையும் கூட்டியே அவ்வளவு கணக்கிடப்படும். ஆகவே மேற்கூறியவர்க்கு மூன்றாம் தர மந்திரம் சொல்லும் ஆற்றல் நாளொன்றுக்கு இருமுறை உண்டு. ஆயின், எந்தெந்த மந்திரங்களை அறிவார் என்பது தொழில்தோறும் தனித்தனியே கணக்கிடப்படும். நான்காம் படி அருளாளரும் மூன்றாம் தர மந்திரம் அறியார். முதற்படி மந்திரவாதியும் அறியார். சிறிய மந்திரத்தையே அப் பெரிய ஆற்றலைச் செலவிட்டு வலுவேற்றிச் சொல்லலாம், வேறு வழியில்லை. பெரிய குடம் கையில் இருக்கின்றது. மொள்ளுவதற்கோ ஆழமற்ற குட்டைதான் உள்ளது.

பாணர் நிலையும் இதுவே. அவர் ஐந்தாம் படியை எட்டுமுன், தோழர்க்கு ஊட்டும் ஊக்கம் நெடிய இரவு ஓய்வுக்குப் பின்னரே மீண்டும் நிரம்பும். ஐந்தாம் படியிலோ சிறிய ஓய்விலேயே நிரம்பும். ஊக்கப் பகடையும் ஆறு முகத்தினின்று எட்டு முகமாக வளரும். நான்காம் படியில் நின்று வேறு தொழில் நாடிய பாணர், தோழர்க்குச் சேரவேண்டிய ஊக்கத்தையும் ஒரு படி தள்ளி வைத்தவராகின்றார். மேலும், தம் தொழிலிலேயே பத்தாம் படிவரை நிலைத்து நின்ற பாணர்க்குப் பிற தொழிலாரின் மந்திரங்களும் கைவருகின்றன. பொறுத்து நின்றவர்க்குத் தம் வீட்டு வாயிலிலேயே பிறர் செல்வமும் வந்து சேர்கின்றது!

அங்ஙனமாயின் இரண்டாம் தொழில் வேண்டவே வேண்டா என்பதா? அன்று. பாணர் தொழிலே பல தொழில்களின் வழி வந்ததுதான். 1978ஆம் ஆண்டு விதிநூலில் ஒருவர் முதலில் போர்வீரராகவும், பின் கள்வராகவும் பயின்று, அதன் பின்னரே டுரூயிட் என்னும் காட்டுத் துறவியரிடம் பாடம் கேட்டுப் பாணராதல் கூடும். இக்காலத்து ஆட்டத்திலும் நல்ல சேர்க்கைகள் உண்டு. பாணர் ஒருவர் ஒரே ஒரு படி மட்டும் அருளாளராகப் பயின்றால், நடுத்தரக் கவசமும் கேடயமும் அணியும் தகுதி பெறுவார். பாணர்க்கு இயல்பாகக் கிட்டாத வாழ்த்து மந்திரமும் கிட்டும். துணைநிற்பவர் வீழாது நின்றாலன்றோ துணையும் நிற்கும்? வாழ்த்து மந்திரம் மனத்தை ஒருமுகப்படுத்திக் காக்கவேண்டிய ஒன்று. சொன்னவர் அடிபட்டு மனம் சிதறினால் மூவர்க்குக் கிடைத்த பயனும் அக்கணமே மறையும். ஆகவே அவர் அணியும் கவசம் தோழர் மூவர்க்கும் கவசமாகின்றது. இதுவே பொருத்தமான சேர்க்கை.

மற்றொரு சேர்க்கையும் பலரால் பேசப்பட்டது. 2014ஆம் ஆண்டு விதிப்படி, உயிர்காக்கும் நெறியில் நின்ற அருளாளராக ஒரு படி பயின்ற டுரூயிட், ‘குட்பெரி’ என்னும் மந்திரத்தால் பத்துக் கனிகளை உண்டாக்கினால், ஒன்றே தரவேண்டிய கனி ஒவ்வொன்றும் நான்கு உயிர்ப்புள்ளி தந்தது. சிறியதோர் மந்திரத்தால் 40 புள்ளிகள்! 2024ஆம் ஆண்டின் புதிய விதிநூல் இவ்வழியை அடைத்துவிட்டது. அந்நெறி மூன்றாம் படியில்தான் கிட்டும். மிகுதிப் பயனும் மந்திரம் சொன்ன முறையிலேயே பெறுவதற்கு மட்டும் உரியது. விதியின் இடுக்கில் கிடைத்த ஆதாயம் விதி மாறினால் போய்விடும். தொழிலோடு தொழில் இயைந்து கிடைக்கும் ஆதாயமே நிலைக்கும்.

அவ்வியைபுக்கு எடுத்துக்காட்டு வேண்டின், நம் சங்க இலக்கியத்தையே நோக்கலாம். ஔவையார் பாடல் வல்லவர், அதியமானுக்குத் துணைநின்றவர். பகை மூண்டபோது தொண்டைமானிடம் தூது சென்றார். பாடலை விட்டுத் தூதுத்தொழிலை அவர் மேற்கொள்ளவில்லை, பாடலையே தூதாக்கினார். கோவூர்கிழார் சோழர் இருவர்க்கிடையே மூண்ட பகையைத் தணிக்கப் பாடினார். கபிலரோ, பாரி மறைந்தபின் அவன் மகளிர்க்குக் காவலராக நின்றார். இம்மூவரும் இரண்டாம் பணி ஏற்றவர்களே. தம் புகழுக்காக ஏற்றவர் ஒருவருமிலர். துணைநின்றார்க்கு நேர்ந்த தேவையே அவர்களை அப்பணிக்கு அழைத்தது. முதற்கலை குன்றாமல் அதன் கை நீளுமாறு இரண்டாவது அமைந்தது.

நம் குடியிருப்புகளின் வாழ்வும் இத்தகையதே. 1940இல் தொடங்கப்பெற்ற விமானத் தொழிற்சாலைக்கும், 1948இல் தொடங்கப்பெற்ற தொலைபேசித் தொழிற்சாலைக்கும் வேலை தேடி வந்த தமிழர் பலர் கன்னடம் பயின்றனர். அண்டை வீட்டாரின் நலம் உசாவவும், இடர் வந்தபோது உதவவும் அம்மொழி வேண்டியிருந்தது. அதற்காகத் தமிழை அவர்கள் இழக்கவேண்டியதில்லை. வீட்டில் பேசியும் பிள்ளைகட்குக் கற்பித்தும் காத்தனர். கவனியாது விட்ட வீடுகளில் தமிழ் மெலிந்ததையும் நாம் அறிவோம். இரண்டாவது வந்தால் முதலாவது தானே தேயும் என்பது விதியன்று. தேயாது என்பதற்கும் உறுதி இல்லை. நாள்தோறும் செய்யும் கணக்கே அதனைக் காக்கின்றது.

ஆகவே, இளந்தோழர்களே, துணைநிற்கும் வேடம் ஏற்ற நீங்கள் இரண்டாம் தொழிலை நாடும்போது மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுங்கள். இப்படியை வேறிடத்தில் எடுத்தால் என் தோழர்க்கு எந்த உதவி காலந்தாழ்ந்து கிட்டும்? புதிய தொழில் என் பழைய பணியை வலுப்படுத்துமா, அல்லது என்னை மட்டும் வேறாளாகக் காட்டுமா? இதனைக் குழுவினர்க்கு முன்னரே சொன்னேனா? மூன்றாவது வினாவே தலையாயது. உயிர்ப்பிக்கும் மந்திரம் இன்னும் ஒரு படி தாழ்ந்துதான் வரும் என அறிந்த குழு, எச்சரிக்கையோடு நடக்கும். மருந்து வாங்கி வைத்துக்கொள்ளும். அறியாத குழு உங்களை நம்பி முன்னே பாயும்.

பெரியோர்களே, தாய்மார்களே! பிள்ளைகள் பகடை உருட்டும்போது, “யார் வென்றீர்கள்?” எனக் கேளாதீர்கள். “இன்று யாருக்கு யார் துணைநின்றீர்கள்?” எனக் கேளுங்கள். வீரவேடம் ஏற்ற பிள்ளை வாயாரச் சொல்லும் கதைகளைக் கேட்டபின், அருளாளர் வேடம் ஏற்று அமைதியாய் அமர்ந்திருக்கும் பிள்ளையிடமும் ஒரு சொல் பேசுங்கள். தன் உதவி எவர் கண்ணிலாவது பட்டது என்று அறிந்த பிள்ளைக்கு, வேறு தொழிலை நாடும் சலிப்புப் பெரும்பாலும் தோன்றாது. நாடினும், தோழர்க்காகவே நாடும்.

இவ்வளவில் என் உரையை நிறைவு செய்கின்றேன்.