ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"பிள்ளைக்குப் படிப்பில ஊக்கமே இல்லை டொக்டர், ஏதாவது விட்டமின் எழுதித் தாங்க" என்று தாய்மார் கேட்பதுண்டு. ஊக்கத்துக்கு மாத்திரை இல்லை. ஆனால் அது எப்படி வளர்கிறது, எப்படி வாடுகிறது என்று உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. வரைவதில் விருப்பமுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், "படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல், வரைந்த பின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பின்னர் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகளிடமே வரையும் ஆர்வம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு அப்படி நேரவில்லை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள், ஊக்கம் வேரூன்ற மூன்று உணர்வுகள் வேண்டும் என்கிறார்கள்: இது நானே தெரிந்தெடுத்தது, இது என்னால் முடியும், எனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

நமது தோட்டத்துப் பிள்ளையிடம் இவை உண்டா? அம்மா விடியற்காலையில் மலைக்குப் போகிறார். குறித்த கிலோ கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேர்தான். வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பவள் மூத்த மகள். சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் கொழும்புக்கு வேலைக்குப் போவதா, உயர்தரம் படிப்பதா என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. பிறகு, "அவளுக்கு ஊக்கமில்லை" என்கிறோம்.

பஸ் காசில்லாத பிள்ளைக்கு உளவியல் பேசிப் பயனில்லை. ஆகவே நமது உதவித்தொகை தொடர வேண்டும். அது ஆசை காட்டும் பரிசல்ல. வழியில் கிடக்கும் கல்லை அகற்றும் கை. ஆனால், "ஒன்பது ஏ எடுத்தால் தருவோம்" என்ற நிபந்தனை வேண்டாம். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கே அந்தக் கை அதிகம் தேவை.

சகோதரிகளே, நூற்றாண்டுக்கு நாம் கட்டடம் கட்டலாம், நல்லதுதான். அதோடு, நம்மில் ஒவ்வொருவரும் ஒரு மாணவியைப் பொறுப்பேற்போம். மாதம் ஒருமுறை அவளோடு பேசுவோம். "நீ டொக்டராக வேண்டும்" என்று தொடங்காமல், "உனக்கு என்ன படிக்க விருப்பம்? எது தடையாக இருக்கிறது?" என்று கேட்போம். பெறுபேறு எதுவானாலும் அடுத்த மாதமும் பேசுவோம்.