மீட்டரை மாற்றட்டும், தராசு நம் கண் முன்னால் இருக்கட்டும்!

(சேவூர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

   

ஆரணி வட்டாரம் என்றால் இரண்டு சரக்கு. ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. இரண்டுமே தராசில் ஏறி இறங்குகிற சரக்கு. நெல் மூட்டையைக் கொண்டு போனால் எடை. பட்டு நூலும் ஜரிகையும் எடை போட்டுத்தான் நெசவாளி கைக்கு வரும். புடவை ஆன பிறகு மறுபடியும் எடை. அதனால் தராசு சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற கரண்ட் மீட்டரும் ஒரு தராசுதான். அந்தத் தராசை மாற்றப் போகிறோம், ஸ்மார்ட் மீட்டர் வைக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதில் நம் நிலை என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லவே இந்தக் கூட்டம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பழைய மீட்டரை மாற்றக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நல்லது கெட்டதை உள்ளபடி பேசுவோம். பழைய தட்டு சுற்றும் மீட்டருக்கு வயசானால் தூசி அடையும், பல்சக்கரம் தேயும். பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓடும். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பும், செல்போன் சார்ஜரும் மட்டும் ஓடினால் சில பழைய மீட்டர்களில் தட்டு அசையவே அசையாது. புது எலக்ட்ரானிக் மீட்டர் அதையும் எண்ணிவிடும். ஆகவே மீட்டர் மாறியதும் பில் கூடினால், எல்லா இடத்திலும் திருட்டு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் கொஞ்சம் கூடினால் பில் ஏன் இவ்வளவு தாவுகிறது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 10 அன்று வந்த கட்டணப்படி ஒரு கணக்கு போடுவோம். ஒரு கூட்டுக் குடும்பம், ஒரே இணைப்பு, இரண்டு மாதத்தில் உண்மையில் 510 யூனிட் செலவு. பழைய மீட்டர் நூற்றுக்கு ஐந்து குறைத்துக் காட்டினால் 485 யூனிட். பில் 1,635 ரூபாய். புது மீட்டர் சரியாக 510 காட்டினால் பில் 2,030 ரூபாய். கூடியது 25 யூனிட், பணமோ 395 ரூபாய்! 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலையும் பறிபோகிறது. 2024 ஜூலையில் கட்டணம் மேலும் ஏறியது. மீட்டரை மட்டும் மாற்றிவிட்டு, இந்தப் படிக்கட்டுக் கட்டணத்தை அப்படியே வைத்திருந்தால் அடி யாருக்கு? நமக்குத்தான்.

இன்னொரு அநியாயம். கணக்கெடுப்பு 60 நாளைக்கு ஒருமுறை. அது எட்டு நாள் தள்ளிப்போனால்? ஒரு நாளைக்கு 8 யூனிட் செலவழிக்கிற வீட்டில் 60 நாளில் 480. 68 நாளில் 544. ஆள் வரத் தாமதம் ஆனதற்கு அபராதம் நம் தலையில். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்தபின் கேட்டதற்கு, ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்றார்கள். சரி, ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒருமுறை தானே கணக்கு அனுப்பும். அப்படியானால் குறித்த தேதியில், குறித்த நாள் கணக்கில் பில் போட முடியும். இந்த ஒரு விஷயத்தில் அந்த மீட்டர் நமக்கு உதவும். அதை முதலில் செய்யச் சொல்லுவோம்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். 2021இல் மத்திய அரசு மின் விநியோகச் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. மொத்தம் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர். சாதாரண மீட்டர் இல்லை, ப்ரீபெய்டு மீட்டர். செல்போனுக்கு ரீசார்ஜ் போடுவது போல முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். பணம் தீர்ந்தால் எங்கோ உட்கார்ந்துகொண்டே இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச் அந்த மீட்டருக்குள்ளேயே இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். நமக்கு மாதச் சம்பளமா வருகிறது? நெல் விற்றால் காசு, புடவை முடிந்தால் கூலி. அதுவரைக்கும் கையில் ஏது? இன்றைக்கு பில் வந்தால் கட்ட அவகாசம் உண்டு. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56 என்ன சொல்கிறது? பாக்கி வைத்தாலும் 15 முழு நாள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் துண்டிக்கலாம். ப்ரீபெய்டு மீட்டரில் அந்த 15 நாள் எங்கே போகும்? வயசானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் யார் ரீசார்ஜ் செய்வார்கள்?

அதே சட்டத்தின் பிரிவு 47 இன்னொன்றும் சொல்கிறது. ப்ரீபெய்டு மீட்டரில் மின்சாரம் பெற ஒருவர் முன்வந்தால் அவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது. 'முன்வந்தால்' என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். சட்டம் அதை நம் விருப்பத்துக்கு விட்டது. பிறகு 2020இல் வந்த நுகர்வோர் உரிமை விதிகள்தான் எல்லாருக்கும் ப்ரீபெய்டு என்று எழுதின. அதிலும் ஒரு வாசல் இருக்கிறது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் காரணத்தைப் பதிவு செய்து விலக்கு அளிக்கலாம். ஆகவே, 'மேலிடத்து உத்தரவு, எங்க கையில ஒண்ணும் இல்ல' என்று யாராவது சொன்னால், 'ஆணையம் கையில இருக்கு, அங்க எழுதுங்க' என்று சொல்லுவோம்.

அடுத்து, நேரத்துக்கு ஒரு விலை. 2023 ஜூன் மாதம் அந்த விதிகளைத் திருத்தினார்கள். பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கிற நேரத்துக்கு 20 சதவீதம் குறைவு. உச்ச நேரத்துக்கு வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் வைத்த உடனே இது வரலாம் என்பது அந்த விதி. உச்ச நேரம் எது? பிள்ளைகள் படிக்கிற, அடுப்படியில் வேலை நடக்கிற, தறிக்கு விளக்கு போடுகிற சாயங்கால நேரம். பகலில் காட்டில் நிற்கிறவனுக்குப் பகல் சலுகையால் என்ன லாபம்? இதையும் மாநில ஆணையம்தான் தீர்மானிக்க வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கும்போது நாம் போய்ப் பேசாவிட்டால், பெரிய கம்பெனிக்காரர்கள் மட்டும் பேசிவிட்டுப் போவார்கள்.

மூன்றாவது, செலவு யாருடையது? மீட்டர் இலவசம் என்பார்கள். மத்திய அரசு தருகிற மானியம் மீட்டருக்கு 15 சதவீதம், உச்சமாக 900 ரூபாய். அதுவும் ப்ரீபெய்டாக, தனியார் முதலீட்டு முறையில் வைத்தால்தான். மீதியைத் தனியார் கம்பெனி போட்டுவிட்டு, மீட்டர் ஒன்றுக்கு மாதாமாதம் 93 மாதம் வரை வசூலித்துக்கொள்ளும். மின்வாரியம் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுக்கும்? நாளைக்குக் கட்டண உயர்வில் எடுக்கும். தமிழ்நாட்டில் சென்னை உள்ளிட்ட 8 மாவட்டங்களுக்கு 82 லட்சம் மீட்டர் வாங்க 2023இல் விட்ட டெண்டரில் அதானி நிறுவனம்தான் குறைந்த விலை கேட்டது. அந்த விலையே அதிகம் என்று 2024 டிசம்பரில் டெண்டரை ரத்து செய்தார்கள். பிறகு 2025இல் மாநிலம் முழுக்க சுமார் 3 கோடி மீட்டருக்கு மறுபடி டெண்டர். கேரளம் 2023இலேயே இந்தத் தனியார் முதலீட்டு முறை வேண்டாம் என்று தீர்மானித்தது.

எதிர்த்தால் நடக்குமா என்று கேட்கிறீர்கள். நடந்திருக்கிறது. 2024 மே மாதம் குஜராத்தின் வடோதராவில், போட்ட பணம் மளமளவென்று கரைகிறது என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மீட்டர் வைக்கும் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 ஜூனில் மேற்கு வங்க அரசு வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதை நிறுத்தியது. நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்குச் சில பைசா உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் எழுந்தபோது, 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது யாரும் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை இல்லை.

பம்புசெட்டுக்கும் ப்ரீபெய்டு வருகிறது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். 2021 அறிவிப்பில் விவசாய இணைப்புகளை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறது. வதந்தியை நம்பாதீர்கள். ஆனால் தூங்கியும் விடாதீர்கள். 2020இல் கொண்டுவந்த மின்சாரத் திருத்த மசோதா வரைவு, மானியத்தைக் கட்டணத்தில் கழிக்காமல் வங்கிக் கணக்கில் போடுவோம் என்றது. முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள் என்பதுதான் அதன் பொருள். டில்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நெசவாளர்களுக்கும் இதே கவலைதான். 2023 முதல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசம். வீடுகளுக்கு 2016 முதல் 100 யூனிட். புது மீட்டரில் தினம் தினம் பணம் கழியும்போது இந்த இலவச யூனிட்டை எப்படிக் கழிப்பார்கள் என்று எழுத்தில் சொல்லட்டும்.

நம் கோரிக்கைகள்:

1. பழைய மீட்டரை மாற்று. வீடுகளுக்கு ப்ரீபெய்டு திணிக்காதே. ஆணையம் விலக்கு அளிக்கட்டும்.
2. மீட்டர் செலவை, வாடகை என்றோ கட்டண உயர்வு என்றோ மக்கள் தலையில் கட்டாதே.
3. வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் வேண்டாம்.
4. குறித்த தேதியில் கணக்கெடு. மாதாமாதம் பில் கொடு. இலவச யூனிட் ஒன்றும் குறையக் கூடாது.
5. கணக்கெடுக்கும் ஊழியர்களின் வேலையைப் பறிக்காதே.

மீட்டர் மாற்ற வந்தால் செய்ய வேண்டியது:

பழைய மீட்டரின் எண்ணையும் கடைசி ரீடிங்கையும் எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். செல்போன் இருந்தால் போட்டோ எடுங்கள். புது மீட்டரின் எண்ணையும் தொடக்க ரீடிங்கையும் அதே தாளில் எழுதுங்கள். பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். மீட்டரில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தால், எங்கோ கரண்ட் கசிகிறது அல்லது வேறு யாரோ இழுக்கிறார்கள். அடுத்து ஒரு 100 வாட் குண்டு பல்பை மட்டும் போடுங்கள். மீட்டர் மேல் 3200 என்று எழுதியிருந்தால், விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். 100 வாட் பல்புக்கு நிமிஷத்துக்கு ஐந்து ஆறு தடவை மின்ன வேண்டும். பத்து தடவை மின்னினால் மீட்டரில் கோளாறு. இதைப் பார்க்க இன்ஜினியர் வேண்டாம், கடிகாரம் போதும்.

சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி, புகார் கொடுத்த 5 நாளில் பக்கத்தில் இன்னொரு சோதனை மீட்டர் வைக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம் ஒத்துப் பார்க்க வேண்டும். இது நம் உரிமை. செய்யாவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தனியாகப் போக வேண்டாம். பத்து வீடு சேர்ந்து, பத்து மனுவாகப் போவோம்.

தராசைப் புதுசாக்கட்டும், நாமும் பார்த்து வாங்கிக்கொள்வோம். தராசோடு சேர்த்து நம் வீட்டுச் சுவிட்சையும் கம்பெனி கையில் கொடுக்கச் சொன்னால், அதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டோம். வீட்டுக்கு ஒருவர் மனுவில் கையெழுத்துப் போடுங்கள். ஏரோட்டும் கையும் தறியோட்டும் கையும் ஒன்று சேரட்டும்!

திணிக்காதே திணிக்காதே, ப்ரீபெய்டு மீட்டரைத் திணிக்காதே!
பறிக்காதே பறிக்காதே, இலவச மின்சாரத்தைப் பறிக்காதே!
விவசாயிகள் நெசவாளர்கள் ஒற்றுமை ஓங்குக!