ஒத்துக்கொள்ளாத அப்பம்

(மணிமுத்தாறில் நடந்த மருத்துவமனை ஞாயிறு ஆராதனையில் எங்கள் மருத்துவமனைக் குருவானவர் கொடுத்த செய்தி)



நம் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ரொட்டிப் பாக்கெட், பிஸ்கட், மால்ட் கலந்த சத்துபானம் என்று ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போவோம். நாங்களும் அப்படித்தான் ஒரு சகோதரியின் கட்டிலருகே போனோம். வடநாட்டில் வேலை பார்த்த கணவரோடு பல வருடம் வாழ்ந்து, ஊர் திரும்பியவர். தீராத வயிற்றுப்போக்கு. எத்தனை மாத்திரை விழுங்கியும் இரத்தம் ஊறவில்லை. உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. "ஐயா, இது புற்றுநோய்தானே? மறைக்காமல் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் ஜெபித்தோம், கொண்டுபோன ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தோம்.

அந்த ரொட்டிதான் அவருக்கு ஆகாதது என்று பிறகே தெரிந்தது. இரத்தப் பரிசோதனையும், சிறுகுடலிலிருந்து எடுத்துப் பார்த்த சதைத்துணுக்கும் சீலியாக் நோய் என்று காட்டின.

கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு. இந்நோய் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற பகுதிகள் தேய்ந்துவிடுகின்றன. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே கோதுமைமேல் முன்பே ஐயம் கொண்டிருந்தார். 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்நோய்க் குழந்தைகள் தேறியது அவர் ஐயத்தை உறுதிப்படுத்தியது.

இது வடநாட்டு நோய்தானே என்று கேட்பீர்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் நம் நாட்டில் 23,331 பேரைச் சோதித்தார்கள். வடக்கே 10,000 பேரில் 123 பேருக்கும், தமிழ்நாட்டில் 10 பேருக்கும் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தது. ஆனால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு இரு பக்கத்தாரிடமும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உண்டு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்டார். இங்கே 25 கிராம். அரிசிச் சோறு நம்மைக் காத்திருக்கலாம். வீட்டுக்கு வீடு பரோட்டாவும் சப்பாத்தியும் பெருகும் இந்நாளில் நாம் விழிப்பாயிருக்கவேண்டும்.

சகோதரியின் கேள்விக்கு வருவோம். அவருக்குப் புற்றுநோய் இல்லை. ஆயினும் அவருடைய பயம் வீண் பயமும் அல்ல. இந்நோயைக் கண்டுகொள்ளாமல் விட்டால், சிறுகுடலில் லிம்போமா போன்ற புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்போதும் மிகச் சிலருக்கே அது வருகிறது. 1989-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் 210 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் கண்டிப்பாகப் பத்தியம் காத்தவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் பொதுமக்களைவிடக் கூடுதலாக இல்லை.

பத்தியம் என்றால் வாழ்நாள் முழுவதும். பரோட்டா, ரவை, சேமியா, கோதுமைப் பாலில் கிண்டும் நம் திருநெல்வேலி அல்வா, மைதா சேர்ந்த கூட்டுப் பெருங்காயம் எதுவும் ஆகாது. சோறு, இட்லி, கேழ்வரகு, கம்பு எல்லாம் ஆகும். மணிமுத்தாற்றுத் தண்ணீரில் விளைகிற நெல்லே அவருக்கு மருந்து! ஒன்று சொல்லுகிறோம்: சந்தேகம் இருந்தால் முதலில் பரிசோதனை, அதற்கு முன் நீங்களாகக் கோதுமையை நிறுத்தினால் நோய் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

சகோதரி தேறினார். பிறகு ஒரு கூட்டத்தில், "சுகம் பெற்றுவிட்டீர், விசுவாசத்தோடு எல்லாம் சாப்பிடும்" என்றார்கள். சாப்பிட்டார். இரண்டு மாதத்தில் மறுபடியும் எங்கள் வார்டில் கிடந்தார். "என் விசுவாசம் குறைந்துபோயிற்றா ஐயா?" என்று அழுதார். பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கைமருந்து சொன்னாரே தவிர, விசுவாசம் இல்லை என்று கடிந்துகொள்ளவில்லை என்று எடுத்துச் சொன்னோம். பத்தியம் காப்பது அவிசுவாசம் அல்ல. தேவன் தந்த சரீரத்துக்குச் செய்யும் உண்மையான ஊழியம்.

அந்த ஞாயிறு திருவிருந்தில் எங்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. அப்பம் கோதுமையாயிற்றே! அவர் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை அரிசிமாவில் செய்த அப்பத்தைத் தனித் தட்டில் வைத்தோம். அவர் முழங்காற்படியிட்டு வாங்கிக்கொண்டபோது எங்கள் கண்களும் நனைந்தன.

பிரியமானவர்களே, இந்தப் பரிசோதனைகள் ஏழைக்கு எட்டாதவை. உங்கள் காணிக்கை அவற்றை எட்டவைக்கிறது. தொடர்ந்து தாங்குங்கள், எங்கள் வார்டுகளுக்காக ஜெபியுங்கள். இனி நோயாளியைப் பார்க்கப் போகும்போது, என்ன கொண்டுவரலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.