ஜூடோ வீரரின் முழங்கால்

1882இல் கானோ ஜிகோரோ வகுத்த ஜூடோவில், ஊன்றிய பாதம் விரிப்பில் பதிந்திருக்க மேலுடல் மட்டும் சுழலும்போது, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிணைக்கும் முன்குறுக்கு இணைப்புநார், அதாவது மருத்துவர் ஏ.சி.எல். என்றும் மக்கள் ஜவ்வு என்றும் குறிப்பிடும் நார், அறுந்துபோவதுண்டு. அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் வீரரின் உடலிலிருந்தே எடுத்துப் பொருத்தப்படும் தசைநாண் துண்டு, தன் பழைய இரத்த ஓட்டத்தை இழந்துவிடுவதால், புதிய நாளங்கள் அதற்குள் வளர்ந்து அது உறுதிப்படும் வரை, முதல் சில மாதங்களில் பொருத்திய நாளைவிடவும் வலுக்குன்றியே இருக்கிறது. வீக்கம் வடிந்து வலி மறைந்து, வீரருக்குக் களமிறங்கும் ஆவல் எழுவதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் என்பதால், வலியின்மையையே குணமடைந்ததற்குச் சான்றாகக் கொள்ளும் பயிற்சிக்கூட வழக்கம் ஆபத்தானது. மீண்டும் களமிறங்க, அறுவைச் சிகிச்சைக்குப்பின் குறைந்தது 9 மாதங்கள் கழிந்திருப்பதோடு, முன்தொடைத் தசையின் வலு மறுகாலினுடையதில் 90 விழுக்காட்டையேனும் எட்டியிருக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல்.

காத்திருக்கும் காலத்திற்கு ஜப்பானியர் மிதோரி கெய்கோ எனும், பிறர் பயில்வதைக் கூர்ந்து நோக்கிக் கற்கும் முறையை வைத்திருக்கின்றனர். பொறுமையற்ற இளைஞருக்கு அது தண்டனையாகவே தோன்றக்கூடும். மருத்துவர் இசைந்தபின், அடிபடாமல் விழப் பழகும் உகெமி, வீசாமல் பிடியையும் நுழைவையும் மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் உச்சிகோமி என்று படிப்படியாக முன்னேறி, எதிராளியின் அசைவை முன்கூட்டி அறிய இயலாத தடையற்ற பயிற்சிச் சண்டையான ரந்தோரி இறுதியிலேயே சேர்க்கப்படுகிறது.