கொல்லன் பட்டறையும் கூத்தின் பட்டறையும்



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'பல்கலைக்கழகத்தில் நாடகம்'. அழைப்பிதழைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "ஏன் சார், நாடகத்தைப் போய் காலேஜ்ல படிக்கணுமா? எங்க ஊர்க் கூத்து வாத்தியார் எந்தக் காலேஜ்ல படிச்சார்? அப்படியே படிச்சாலும் சோறு போடுமா?" இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் நம் ஓசூரிலேயே இருக்கிறது. கொல்லன் பட்டறையில் அப்பா, இரும்பு பழுத்த நிறத்தைப் பார்த்தே சம்மட்டி ஓங்கினார். மகன் ஐ.டி.ஐ.க்குப் போனான். வரைபடம் பார்க்கக் கற்றான், வெர்னியர் பிடிக்கக் கற்றான், சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தான். அதனால் அப்பாவின் கைத்திறன் மட்டமாகிவிட்டதா? இல்லை. ஆனால் அப்பாவின் கையில் மட்டும் இருந்தது அவரோடு போய்விடும். வரைபடத்தில் ஏறியது அடுத்த ஷிப்ட்காரனுக்கும் கிடைக்கும்.

கூத்துக்கும் இதே கணக்குத்தான்.

நம் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, பாரதக் கதையை 'வியாசர் விருந்து' என்று எழுதினார். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களுக்குப் பாரதம் வெறும் புத்தகம் அல்ல. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். களிமண்ணால் செய்த துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். வேஷம் கட்டியவர்கள் அவனைச் சுற்றி ஓடுவார்கள். மேடை கிடையாது, திரைச்சீலை கிடையாது, டிக்கெட் கிடையாது. ஊர்த் திடல் முழுவதும் குருக்ஷேத்திரம். பார்க்க வந்தவரும் போர்க்களத்துக்குள்தான் நிற்கிறார். அமெரிக்காவில் ரிச்சர்டு ஷெக்னர் போன்ற நாடகக்காரர்கள் மேடையை விட்டு இறங்கி, பார்வையாளரையும் காட்சிக்குள் இழுத்துக்கொள்வதைப் பற்றி 1960களில் எழுதினார்கள். உலகப் பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாக வைத்தன. நம் பாட்டி அந்தப் பாடத்தின் நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்தாள்.

கூத்தில் வரும் கட்டியங்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வருகிறார். "நீர் யார்?" என்று கேட்பவன் அவன். அடுத்த நொடி கதையை விட்டு வெளியே வந்து, "ராசா, உங்க அஸ்தினாபுரத்துக்கு டவுன் பஸ் வருதா?" என்று கேட்டாலும் கேட்பான். 1935இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரைப் பார்த்தார் ஜெர்மானிய நாடக ஆசிரியர் பிரெக்ட். நடிகர் பாத்திரத்துக்குள் கரையாமல் தள்ளி நின்று காட்டுகிறாரே என்று வியந்து கட்டுரை எழுதினார். அது நாடக உலகத்தையே புரட்டிப்போட்டது. தள்ளி நிற்கும் வித்தை நம்மிடமும் இருந்தது. அவர் பார்த்தார், எழுதினார். நாம் பார்த்தோம், தூங்கப் போய்விட்டோம்.

பல்கலைக்கழகம் தருவது அந்த 'எழுதும்' பழக்கத்தை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் இருந்த மு. இராமசாமி, தோற்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்து நூலாக்கினார். அவரே சோபக்ளிசின் 'ஆன்டிகனி'யைத் 'துர்க்கிர அவல'மாக்கித் தமிழ் மேடையில் ஏற்றினார். ஒரே மனிதர், இரண்டு கரைக்கும் பாலம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளிக்கு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். கடல் தாண்டி இலங்கையிலோ, நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பரீட்சைக்கே ஒரு பாடம்! மட்டக்களப்பின் கூத்தைப் பேராசிரியர் சி. மௌனகுரு வகுப்பறைக்குள் கொண்டுவந்தார், கூத்தாடும் களரியையும் விட்டுவிடவில்லை.

எல்லை ஊர்க்காரர்களான நமக்கு இன்னொரு வசதி உண்டு. நம் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம். நாடகம் என்றைக்கும் எல்லைக் கல்லைப் பார்த்து நின்றதில்லை. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு தம் தெலுங்கு நாடகக் குழுவோடு சென்னைக்கு வந்தார். அதைப் பார்த்த இளைஞர் பம்மல் சம்பந்தம் அதே ஆண்டில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். இன்று கர்நாடகத்தில் இருக்கும் பல்லாரியிலிருந்து வந்த பொறி, தமிழில் விளக்கேற்றியது.

அதே கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு, பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு கிராமம். அங்கே கே.வி. சுப்பண்ணா வளர்த்த நீநாசம் என்ற நாடக அமைப்பு, 1980இல் நாடகப் பள்ளியே தொடங்கியது. 1991இல் சுப்பண்ணாவைத் தேடி மகசேசே விருது வந்தது. பாக்கு விற்கும் கிராமத்தால் முடிந்தது, பைக்கும் லாரியும் கைக்கடிகாரமும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஓசூரால் முடியாதா?

இனி இரண்டாவது கேள்வி, சோறு. பொய் சொல்லமாட்டேன். நாடகம் படித்த எல்லோருக்கும் வேலை காத்திருக்கவில்லை. ஆனால் படிப்பு என்பது நடிப்பு மட்டும் அல்ல. ஒளியமைப்பு, ஒப்பனை, உடை, அரங்கப் பொருள், குரல், உடல், இயக்கம் எல்லாம் அதில் அடங்கும். பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், சினிமாவுக்கும் போகலாம். நா. முத்துசாமியின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்ற பசுபதியும் குரு சோமசுந்தரமும் திரையில் நிற்பதைப் பார்க்கிறோம். தொழிற்சாலைத் தோழர்களே, மார்ச் 4 பாதுகாப்பு நாளில் ஷாப் ஃப்ளோரில் நாடகம் போடுகிறோமே, ஹெல்மெட் போடாதவன் விழுந்துவிடுவான், எல்லோரும் கைதட்டுவோம். அதை ஒரு பயின்ற இயக்குநர் செய்தால் கைதட்டலோடு நிற்காது. மறுநாள் ஹெல்மெட்டும் தலைக்கு ஏறும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. வீட்டில் மகளோ மகனோ நாடகம் படிக்கிறேன் என்றால், "பைத்தியமா?" என்று கேட்கும் முன் ஒரு முறை பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நம் கல்லூரிகள் ஒரு மாலைநேரச் சான்றிதழ் வகுப்பாவது தொடங்கட்டும். அதில் கூத்து வாத்தியார் மாணவராக அல்ல, ஆசிரியராக நாற்காலியில் உட்காரட்டும். மூன்றாவது, செலவில்லாதது. அடுத்த முறை உங்கள் ஊரில் பாரதம் நடக்கும்போது, திரை பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நம் பிள்ளை ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கட்டும். விடியும்வரை.