நமக்குக் கிடைத்த பெனால்டி

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கால்பந்துப் போட்டியின் பரிசளிப்புக் கூட்டத்தில், பங்கு இளைஞர் மன்றத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பொன்விழா மேடையில் கால்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். கோவில் முற்றமும் கால்பந்தும் பழைய நண்பர்கள். 1887ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், பசியால் வாடிய ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்க நிதி திரட்ட வேண்டுமென்று மரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃபிரிட் முன்னின்று செல்டிக் கழகத்தை நிறுவினார். 1908ஆம் ஆண்டு ஆர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில், தெருவில் பந்தாடிய சிறுவர்களுக்குச் சலேசிய சபைக் குரு லொரென்சோ மாஸ்ஸா தம் ஆலய முற்றத்தைத் திறந்துவிட்டார். அங்கே முளைத்ததுதான் சான் லொரென்சோ கழகம். 2025ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறுவயது முதலே அந்தக் கழகத்தின் அன்பர் என்பதை யாவரும் அறிவோம். ஆகவே பந்தைப் பற்றி இங்கே பேசுவது விழாவுக்குப் புறம்பான பேச்சாகாது.

கோல்களைப் பற்றியும் கோப்பைகளைப் பற்றியும் பிறர் பேசுவார்கள். நாங்கள் பேச எடுத்துக்கொண்டது பெனால்டி. அதிலும் நம் அணிக்குக் கிடைத்த பெனால்டி. அது தகுதியானதுதானா என்று நாம் எப்படி வழக்காடுகிறோம் என்பதே இன்றைய பொருள்.

பெனால்டி, ஆட்டத்தோடு கூடப் பிறந்த விதியன்று. அயர்லாந்தில் ஆர்மா நகருக்கு அருகே மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் வில்லியம் மெக்ரம் என்றொரு கோல்காப்பாளர் இருந்தார். கோல் விழும் தறுவாயில் ஆளைத் தள்ளியும் பந்தைக் கையால் தட்டியும் தப்பித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு முடிவு கட்ட விரும்பி, இப்படிப்பட்ட குற்றத்துக்குத் தனித் தண்டனை வேண்டும் என்றார் அவர். 1890ஆம் ஆண்டு அயர்லாந்துச் சங்கம் அந்த யோசனையை விதிக்குழுவின் முன் வைத்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. கனவான்கள் வேண்டுமென்றே தவறு செய்வார்கள் என்று விதி எழுதுவதே கனவான்களுக்கு இழுக்கு என்றார்கள்.

1891 பிப்ரவரியில் இங்கிலாந்துக் கோப்பை ஆட்டம் ஒன்றில், கோலுக்குள் புகவிருந்த பந்தை நாட்ஸ் கௌண்டி வீரர் ஒருவர் கையால் தடுத்தார். ஸ்டோக் அணிக்குக் கிடைத்தது கோட்டருகே ஒரு சாதாரண ஃப்ரீ கிக். கோல்காப்பாளர் பந்துக்கு முன்னால் நின்று அதை மறித்துவிட்டார். குற்றம் செய்த அணியே 1-0 என்று வென்றது. அதற்குமேல் கனவான் பேச்சு எடுபடவில்லை. அந்த ஆண்டு ஜூன் 2ஆம் நாள் பெனால்டி விதியாயிற்று.

ஆக, பெனால்டி பிறந்ததே அநியாயத்தைத் தடுக்கத்தான். அப்படியிருக்க, அந்தப் பெனால்டியே அநியாயம் என்று உலகெங்கும் பேச்சு எழுகிறதே, ஏன்?

முதற் காரணம், அதன் விலை. கால்பந்தில் கோல் அரிது. 2022ஆம் ஆண்டு கத்தார் உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள்; ஓர் ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. பெனால்டியோ ஏறக்குறைய நான்கில் மூன்று கோலாகிவிடுகிறது. நடுவரின் ஒரு விசில் ஓர் ஆட்டத்தின் விலை பெற்றுவிடுகிறது.

இரண்டாவது காரணம், விதியிலேயே இருக்கிறது. கால் காலில் பட்டதனால் மட்டும் ஃபவுல் ஆகிவிடாது. கவனக்குறைவாகவோ, முரட்டுத்தனமாகவோ, அளவுக்கு மீறிய பலத்தோடோ மோதினாரா என்பதை நடுவர் எடைபோட வேண்டும். வேண்டுமென்று செய்தாரா என்பது கேள்வியே அன்று. எடைபோடுவது என்று வந்துவிட்டால், நேர்மையுள்ள இருவர் இரண்டு விதமாகச் சொல்ல இடமுண்டு. 2018ஆம் ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் முதன்முறையாக வீடியோ நடுவரை அமர்த்திப் பார்த்தார்கள். அந்தப் போட்டியில் 29 பெனால்டிகள் கொடுக்கப்பட்டன. வழக்கு குறைந்ததா? இல்லை. காமிரா பட்டதைக் காட்டும். பட்டதன் பாரத்தைக் காட்டாது.

மூன்றாவது காரணம் நம் நெஞ்சில் இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

கத்தார் போட்டியில் ஆர்ஜென்டினா அணிக்கு ஆட்ட நேரத்திற்குள் 5 பெனால்டிகள் கிடைத்தன. சவூதி அரேபியாவுக்கு எதிராகப் பரேதெஸ் என்ற வீரரைப் பிடித்து இழுத்ததற்காக ஒன்று. போலந்துக்கு எதிராக, மெஸ்ஸி தலையால் முட்டிய பின் கோல்காப்பாளரின் கை அவர் முகத்தில் பட்டதற்காக ஒன்று. நெதர்லாந்துக்கு எதிராக ஒன்று, குரோஷியாவுக்கு எதிராக ஒன்று, இறுதியாட்டத்தில் பிரான்சுக்கு எதிராக ஒன்று. ஐந்தையும் மெஸ்ஸியே அடித்தார். போலந்துக் கோல்காப்பாளர் ஒன்றைத் தடுத்தார். மற்ற நான்கும் கோலாயின.

இந்த ஐந்தும் ஒரே எடையுள்ளவையா? ஆட்டத்தை நிதானமாகப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார். போலந்துக்கு எதிரான பெனால்டியை ஆர்ஜென்டினா அன்பர்களிலேயே சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பந்து போய்விட்டதே, கை பட்டது தற்செயல்தானே என்றார்கள். குரோஷிய அணித் தலைவர் மோட்ரிச் ஆட்டம் முடிந்ததும் நடுவரை வெளிப்படையாகக் குறை கூறினார். இறுதியாட்டத்திலே தி மரியா விழுந்தது மோதலினாலா, தாமாகவா என்று இன்றும் பேசுகிறார்கள். அந்த ஆட்டத்தை மீண்டும் நடத்த வேண்டுமென்று பிரான்சில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் பெயர் சேர்த்தார்கள். அதே ஆட்டத்தில் பிரான்சுக்கும் இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. இரண்டையும் எம்பாப்பே கோலாக்கினார். ஆனால் அந்த மனு எழுந்தது தங்களுக்கு எதிராகப் போனவற்றைப் பற்றித்தான்.

பிரான்சுக்காரர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1974ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மியூனிக் நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர் ஜாக் டெய்லர், இங்கிலாந்தில் இறைச்சிக் கடை நடத்தியவர். மேற்கு ஜெர்மனி வீரர்கள் பந்தைத் தொடுவதற்கு முன்பே கிரைஃப் வீழ்த்தப்பட்டார். நெதர்லாந்துக்குப் பெனால்டி, நேஸ்கென்ஸ் கோலாக்கினார். பிறகு ஹோல்சென்பைன் விழுந்தார். ஜெர்மனிக்குப் பெனால்டி, பிரைட்னர் கோலாக்கினார். முடிவு 2-1, கோப்பை ஜெர்மனிக்கு. நெதர்லாந்துக்காரர்கள் இன்றும் பேசுவது எந்தப் பெனால்டியைப் பற்றி? இரண்டாவதைப் பற்றித்தான். பொய்யாக விழுவதைக் குறிக்கத் தகைவிலான் குருவியின் ஜெர்மன் பெயரையே தங்கள் மொழியில் வழங்குகிறார்கள். முதலாவதைப் பற்றி அங்கே அவ்வளவு பேச்சில்லை.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டு பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரு கல்லூரிகள் ஆடிய முரட்டு ஆட்டம் ஒன்றின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் பிறகு போட்டுக் காட்டினார்கள். அது நம் கால்பந்தன்று, அமெரிக்கர்கள் ஆடும் வேறு வகை. ஆனால் நெஞ்சம் ஒன்றுதானே! டார்ட்மத் மாணவர்கள் தங்கள் அணியிடம் கண்ட குற்றங்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான குற்றங்களை அதே அணியிடம் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். படம் ஒன்றே. அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொன்னார்கள். பாசம் கண்ணுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதே இதன் பாடம்.

இனி, நம் அணிக்குப் பெனால்டி கிடைத்ததும் நாம் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம். அவை பெரும்பாலும் மூன்று.

முதலாவது: "நாங்கள் கேட்டோமா? நடுவர் கொடுத்தார்." நடுவர் தீர்ப்புக்கு அடங்குவது நல்ல குணம். ஆட்டம் நடக்க வேண்டுமானால் அவர் விசிலே இறுதி. ஆனால் அடங்குவது வேறு, உண்மை என்று சாட்சி சொல்வது வேறு. "நடுவர் கொடுத்தார், ஏற்றுக்கொண்டோம், எங்கள் கண்ணுக்கு அது ஃபவுலாகத் தெரியவில்லை" என்று ஒருவன் சொன்னால், நடுவருக்கும் மரியாதை, உண்மைக்கும் மரியாதை.

இரண்டாவது: "போன ஆட்டத்தில் நமக்கு மறுத்தார்கள், இன்று சரியாய்ப் போயிற்று." கடனை அடைப்பவர் யார்? அன்று அநீதி செய்தது ஓர் அணியின் ஆட்டத்தில், ஒரு நடுவர். இன்று இழப்பது வேறோர் அணி. பெரியவர் வாங்கிய கடனுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பையிலிருந்து காசு எடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

மூன்றாவது: "அது இல்லாவிட்டாலும் நாம்தான் வென்றிருப்போம்." இருக்கலாம். ஆர்ஜென்டினா மெஸ்ஸியின் பெனால்டி தடுக்கப்பட்டும் போலந்தை 2-0 என்று வென்றது. பெனால்டி கோலாகியும் சவூதியிடம் 1-2 என்று தோற்றது. வெற்றிக்கு நாம் தகுதியுள்ளவர்கள் என்பது, அந்தப் பெனால்டிக்கும் தகுதியுள்ளவர்கள் என்று காட்டிவிடாது. இரண்டும் தனித்தனி வழக்கு.

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றுண்டு. சட்டையை மாற்றிப் பாருங்கள். விழுந்தவன் எதிரணியாள், தட்டியவன் நம் ஆள் என்று மனத்திலே வைத்துக்கொண்டு அதே காட்சியை ஓட்டுங்கள். அப்போதும் வாய் "பெனால்டி" என்றால் அது பெனால்டிதான், சந்தேகமின்றி மகிழலாம். வாய் தயங்கினால், அந்தத் தயக்கமே நம் மனச்சாட்சி.

இது ஆகிற காரியமா என்று கேட்பீர்கள். ஆகியிருக்கிறது, அதுவும் பார்வையாளருக்கன்று, கோலால் பிழைக்கும் வீரர்களுக்கே. 1997 மார்ச் மாதம் ஆர்செனலுக்கு எதிரே லிவர்பூல் வீரர் ராபி ஃபௌலர் விழுந்தபோது நடுவர் பெனால்டி என்றார். கோல்காப்பாளர் தம்மைத் தொடவில்லை என்று ஃபௌலரே கையசைத்துச் சொன்னார். நடுவர் மாற்றவில்லை. ஃபௌலர் அடித்தார், சீமன் தடுத்தார், திரும்பி வந்த பந்தைத் தோழர் ஒருவர் கோலாக்கினார். வேண்டுமென்று தவறவிடவில்லை, கோலடிக்கவே முயன்றேன் என்றும் ஃபௌலர் ஒளிக்காமல் சொன்னார். 2003ஆம் ஆண்டு ஹாங்காங்கில் டென்மார்க்கும் ஈரானும் ஆடியபோது, பார்வையாளர் ஒருவர் ஊதிய விசிலை நடுவரின் விசில் என்று நம்பி ஈரான் வீரர் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். விதிப்படி பெனால்டி. டென்மார்க் வீரர் மார்ட்டன் வீகோர்ஸ்ட் பயிற்சியாளரைக் கலந்துகொண்டு பந்தை வெளியே அடித்தார். அந்த ஆட்டத்தில் டென்மார்க் 0-1 என்று தோற்றது. 2014 மார்ச்சில் வெர்டர் பிரேமன் அணியின் ஆரன் ஹுன்ட், தம்மை எவரும் வீழ்த்தவில்லை என்று நடுவரிடம் போய்ச் சொன்னார். கொடுத்த பெனால்டி திரும்பப் பெறப்பட்டது.

ஆடுகிறவன் உண்மை சொன்னால் ஒரு கோல் போகும், ஓர் ஆட்டம் போகும், சம்பளமும் போகலாம். கோட்டுக்கு வெளியே நிற்கும் நாம் உண்மை சொன்னால் என்ன போகிறது? முடிவு மாறாது, கோப்பை திரும்பாது. கொஞ்சம் வீறாப்புப் போகும், அவ்வளவுதான். அதைக் கொடுக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

அன்பார்ந்த பங்கு மக்களே, இவ்வளவையும் ஏன் சொல்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். நம் பொன்விழாக் கோப்பையின் இறுதியாட்டத்தில், முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ஒரு பெனால்டி கொடுக்கப்பட்டது. அது சரியா தவறா என்று இந்த மேடையில் நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நடுவர் சொல்லிவிட்டார், அதோடு முடிந்தது. ஆனால் மேலத்தெருவும் கீழத்தெருவும் அன்று கைகுலுக்காமல் கலைந்தன. ஒரே தண்ணீர்க் குழாயில் குடம் வைக்கும் தாய்மார்கள்கூட முகம் திருப்பிக்கொள்கிறார்கள். அண்ணன் தங்கை வீடுகளுக்குள்ளும் பேச்சு நின்றிருக்கிறது. திருவிழா இரவில் சப்பரம் தூக்க இரண்டு தெருத் தோளும் வேண்டும். ஒரு பக்கத் தோள் விலகினால் சப்பரம் சாய்ந்துவிடும்.

இதற்கு வழி தோற்றவர்கள் வாயை அடைப்பதன்று. வென்ற தெருவில் அந்த இடத்தை அருகில் நின்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சட்டையை மாற்றிப் பார்த்து, தாங்கள் கண்டதைக் கண்டபடி சொல்லட்டும். "எங்களுக்கும் சந்தேகம்தான்" என்ற ஒரு சொல் வென்றவர் வாயிலிருந்து வந்தால், தோற்றவர் நெஞ்சிலுள்ள பாதிக் கசப்பு கரைந்துபோகும். கண்டது ஃபவுல்தான் என்றால் அதையும் அமைதியாகச் சொல்லட்டும்; கேலியில்லாமல் சொன்ன உண்மையை எவரும் தாங்கிக்கொள்வார்கள். தோற்ற தெருவினரும், நடுவர் விலைபோய்விட்டார் என்ற பேச்சை இன்றோடு விட வேண்டும். அதற்குச் சான்றில்லை. சான்றில்லாத பழி, பொய்ச்சாட்சியின் உடன்பிறப்பு.

பத்துக் கட்டளைகளில் எட்டாவதை நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். அது பிறனுக்கு எதிராகப் பேசும் பொய்யைப் பற்றியது. நம் அணிக்குச் சாதகமாகப் பேசும் ஒவ்வொரு பொய்யும் எதிரணிக்கு எதிரான பொய்யே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மைதானத்தில் பழகியது வாழ்க்கையிலும் வரும். வரப்புத் தகராறிலும், சொத்துப் பங்கீட்டிலும், தேர்தலிலும் நம் பக்கத்துக்குக் கிடைத்த பெனால்டிகள் எத்தனையோ உண்டு. அவற்றை எடைபோடப் பழகும் பள்ளிக்கூடமாக இந்த மைதானம் இருக்கட்டும்.

வென்ற அணிக்கு எங்கள் வாழ்த்து. தோற்ற அணிக்கு எங்கள் பாராட்டு. வெயிலில் ஓடி, இரு பக்க ஏச்சையும் வாங்கிக்கொண்ட நடுவருக்கு எங்கள் நன்றி. பரிசு வழங்கியதும் இரு அணியினரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். பொன்விழாக் காணும் நம் பங்கை இறைவன் உண்மையிலும் அன்பிலும் நிலைநிறுத்துவாராக.