"விளங்கினதா?" என்று கேட்டால் போதுமா?
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு தொடர்பாடல் திறன். நம் பழைய மாணவிகள் சிலர் இன்று வெளிநாடுகளில் பாட வடிவமைப்பாளர்களாக இருக்கிறார்கள். தொழில் செய்வோருக்கான பாடங்களைத் திட்டமிட்டு அமைப்பது அவர்கள் வேலை. "உங்கள் தொடர்பாடல் திறனை எப்படிக் காட்டுவீர்கள்?" என்று நேர்முகப் பரீட்சையில் கேட்பார்களாம். அதற்கு என்ன சொல்வது என்று ஒரு தங்கை என்னிடம் கேட்டார். நான் மானிப்பாய் கிறீன் வைத்தியரின் கதையைச் சொன்னேன்.

அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்தபடியே நம் பிள்ளைகளுக்கு மேலை வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள். கிராமத்துக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். புத்தகம் இல்லை, கலைச்சொல் இல்லை. தம்மிடம் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டு இரண்டையும் உண்டாக்கினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்ற அந்தத் தலைப்புகளைப் பாருங்கள். பழகிய சொல் இருந்தால் அது, இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கில ஒலியையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவது. அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல்.

அவருடைய சொற்கள் பல இன்று வழக்கில் இல்லை. உடற்றொழிலியலுக்கு அவர் வைத்த 'சுகரணம்' என்ற சொல் இன்று எந்த மருத்துவ மாணவிக்கும் தெரியாது. எனக்கும் அது கொஞ்சம் கடினமான சொல்லாகத்தான் படுகிறது. ஆனால் படிப்பவர் படித்து முடித்து எங்கே போகிறார், யாருக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று பார்த்து, அதற்காகப் பாடத்தின் மொழியையே மாற்றினாரே, அது பெரிய காரியம். நம்மில் பலர் பாடத்தை அழகாக்குவதோடு நின்றுவிடுகிறோம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் கிளினிக்குக்கு வருபவர்கள் பஸ் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். டொக்டரிடம் இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்பது நம் சனத்தின் வளர்ப்பு. ஆகவே அந்த "ஓம்" எனக்கு ஒன்றையும் சொல்வதில்லை.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதொட்ரெக்சேட் என்ற குளிசையைக் கிழமையில் ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். மற்றக் குளிசைகளை எல்லாம் தினமும் போட்டுப் பழகியவருக்கு "கிழமைக்கு ஒருக்கா" என்பது காதில் விழாமலே போய்விடும். "புதன்கிழமை மட்டும்" என்று நாளின் பெயரைச் சொல்லி, உறையிலும் எழுத வேண்டும். பிறகு, "அம்மா, வீட்டுக்குப் போய் மகளுக்கு இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வது பிழையாக இருந்தால், பிழை நான் விளக்கிய விதத்தில். வேறு விதமாகச் சொல்லி, திரும்பவும் கேட்பேன். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஜீவனியும் அப்படித்தான். ஒரு பக்கற் முழுவதையும் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் கரைக்க வேண்டும். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு பக்கற்றைக் கரைத்தால் உப்பு மிஞ்சி, வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைக்கு ஆபத்து. "ஒரு லீற்றர்" என்று சொல்வதைவிட, கடையில் விற்கும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்துக் காட்டுவது மேல். அதைவிட மேல், தாயையே நம் முன்னால் கரைக்கச் சொல்வது.

அந்தத் தங்கைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: சான்றிதழ்களையும் வண்ணப் படங்களையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் முதலில் எழுதிய பாடத்தையும் திருத்திய பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதைப் படித்தவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள், எந்தச் சொல்லை மாற்றினீர்கள், மாற்றிய பின் அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள்.

போன மாதம் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. தாதியருக்கான பாடங்களாம். முதல் பாடத்தை எனக்கு அனுப்பி, "அக்கா, விளங்கினதா?" என்று கேட்டிருக்கிறார்.